சேலத்து வாசலிலிருந்து வெளிநாட்டு வாசல்வரை: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

சேலத்தில் மகனையோ மகளையோ வெளிநாட்டுக்கு அனுப்பாத தெரு இன்று அரிதாகிவிட்டது. பேரனைப் பார்க்கவும் பிரசவத்துக்கு உதவவும் கிளம்பும் பெற்றோர் முதலில் கேட்பது, அந்த ஊர் எவ்வளவு தூரம், போய்ச்சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதுதான். பள்ளியில் நெடுங்காலம் புவியியல் நடத்தியவன் என்பதால், அக்கம்பக்கத்தார் பலர் பயணச்சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். சென்னையில் அதிகாலை 5.30க்குப் புறப்பட்டு லண்டனில் 11.00க்கு இறங்குவதாக அச்சிட்டிருந்த சீட்டைக் காட்டி, "ஐந்தரை மணி நேரம்தானே சார், கோயம்புத்தூர் போய்த் திரும்புகிற நேரம்தான்" என்று ஓர் அம்மா மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் செய்த கழித்தலில் பிழையில்லை, ஆனால் 5.30 என்பது சென்னைக் கடிகாரம், 11.00 என்பது லண்டன் கடிகாரம். இரு வேறு கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது பயண நேரம் ஆகாது. தூரம், பறக்கும் நேரம், வீட்டிலிருந்து வீடுவரை ஆகும் மொத்த நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கண்டுபிடிக்கும் வழியைக் கீழே விளக்குகிறேன். ஒரு தாளும் கைபேசியில் உள்ள கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

எந்தத் தூரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தூரம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று தூரங்கள் இருக்கின்றன. நம் ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். சேலம் நகரிலிருந்து ஏற்காட்டு ஏரிக்குக் காகம் பறக்கும் வழியில் சுமார் 14 அல்லது 15 கிலோமீட்டர்தான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி ஏறுகிற பேருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடுகிறது. விமானப் பயணத்திலும் இதே நிலைதான். இரு ஊர்களுக்கு இடையே பூமியின் பரப்பில் அமைந்த மிகக் குறுகிய தூரம் ஒன்று. விமானம் உண்மையில் பறக்கும் வழியின் தூரம் மற்றொன்று. வீட்டிலிருந்து விமான நிலையம்வரை சாலையிலோ ரயிலிலோ கடக்கும் தூரம் வேறொன்று. முதல் தூரத்தைத் துல்லியமாகக் கணக்கிட முடியும். இரண்டாவது அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை நாம் நன்கறிவோம், ஆனால் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

முதல் தூரத்துக்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். பூமி உருண்டை என்பதால், அதன் மீதுள்ள இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட ஒரு பெரிய வட்டத்தின் துண்டாகத்தான் இருக்க முடியும். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து இழுக்கும் கோடு இந்த வழியைக் காட்டாது.

நூலும் உலக உருண்டையும்

வகுப்பில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாதபோதெல்லாம் நான் பூ கட்டும் வெள்ளை நூலைத்தான் கையில் எடுப்பேன். கணக்கு பிடிக்காதவர்களுக்கும் இந்த முறை முற்றிலும் போதுமானது. வீட்டுப் பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து, நிலநடுக்கோட்டைச் சுற்றி நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை அளவுகோலில் பாருங்கள். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் அது ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் வரும். பூமியின் நிலநடுக்கோட்டுச் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். ஆகவே அந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். இனி நூலின் ஒரு நுனியைச் சென்னையின் மீது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுநுனியை லண்டன்வரை கொண்டுபோய், நூல் தானாக விறைத்து நிற்கும்வரை மெதுவாக இழுங்கள். விரல் சற்று நழுவினாலும் நூறு கிலோமீட்டர் பிசகும் என்பதால், இருமுறை மும்முறை அளப்பது நல்லது. பத்தொன்பதரை சென்டிமீட்டருக்கு அருகில் வரும். அதை 425ஆல் பெருக்கினால் 8,290 கிலோமீட்டர் ஆகிறது.

நூலைக் கையில் பிடித்தபடியே அது எந்தெந்த இடங்களின் மேல் கிடக்கிறது என்பதையும் பாருங்கள். இந்த இடத்தில்தான் பிள்ளைகளின் கண்கள் விரியும். தட்டையான வரைபடத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் கோடு கிழித்தால் அதன் நடுப்பகுதி ஈராக்கில் விழும். உருண்டையில் விறைத்த நூலின் நடுப்புள்ளியோ காஸ்பியன் கடலில், பாகூ நகருக்குச் சற்றுத் தெற்கே விழுகிறது. இரு ஊர்களும் வட அரைக்கோளத்தில் இருந்தால் குறுகிய வழி எப்போதும் வடக்கு நோக்கி வளைந்தே செல்லும். ஊர்கள் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியிருக்கின்றனவோ, வளைவும் அவ்வளவு கூடும். பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நூலைப் பிடித்தால், அது பசிபிக் கடலின் நடுவே போகாமல் வட துருவப் பகுதியை ஒட்டிச் செல்லும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேரடி விமானத்தைத் தொடங்கியபோது, கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட குழு, வட துருவத்தின் மேலாகவே அதை ஓட்டி வந்தது. அன்று பலரும் அதை ஒரு சாகசமாகப் பேசினார்கள். சாகசம்தான், அதே சமயம், நம் வீட்டு நூல் காட்டும் வழியும் அந்த வட துருவப் பகுதியை ஒட்டியதுதான்.

கால்குலேட்டரில் கணக்கிடும் முறை

நூலைவிடத் துல்லியம் வேண்டும் என்பவர்கள், இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய நான்கு எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். கைபேசியின் வரைபடத்தில் அந்த இடத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் தோன்றும். நகரத்தின் நடுப்பகுதியை எடுப்பதைவிட விமான நிலையத்தை எடுப்பதே முறையாகும். சென்னை விமான நிலையம் வடக்கு 13.0 பாகை, கிழக்கு 80.2 பாகை, லண்டன் ஹீத்ரோ வடக்கு 51.5 பாகை, மேற்கு 0.5 பாகை. ஒன்று கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும், வித்தியாசம் 80.7 பாகை. இரண்டும் கிழக்கிலேயே இருந்தால் கழிக்க வேண்டும். கூட்டும்போது 180க்கு மேல் போனால், 360இலிருந்து அதைக் கழித்து வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர், சான்பிரான்சிஸ்கோ கணக்கில் இது நேரும்.

இப்போது இரண்டு பெருக்கல்கள். சைனுக்கும் கோசைனுக்கும் கால்குலேட்டரில் sin, cos என்ற பொத்தான்கள் உண்டு. முதலாவது, இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குவது: சைன் 13 என்பது 0.2250, சைன் 51.5 என்பது 0.7826, பெருக்கினால் 0.1761. இரண்டாவது, இரு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைன் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குவது: 0.9744, 0.6225, 0.1616 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 0.0980. இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.2741. எந்தக் கோணத்தின் கோசைன் 0.2741 என்பதைத் தலைகீழ்க் கோசைன் (cos⁻¹) பொத்தானால் கண்டால் 74.09 பாகை கிடைக்கும். பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம் இதுதான். ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 8,240 கிலோமீட்டர் என்று வரும். நூலில் கிடைத்ததற்கும் இதற்கும் ஐம்பது கிலோமீட்டர்தான் வேறுபாடு என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கால்குலேட்டர் பாகையில் இல்லாமல், கோணத்தை அளக்கும் மற்றோர் அலகான ரேடியனில் இருந்தால் விடை முற்றிலும் தாறுமாறாகிவிடும். தொடங்குமுன் கோசைன் 60 என்று அழுத்திப் பாருங்கள், 0.5 என்று வந்தால் மட்டும் மேலே செல்லுங்கள். அட்சரேகை தெற்காக இருந்தால், சிட்னியைப் போல, அதன் முன் கழித்தல் குறி இட வேண்டும். விடை 20,000 கிலோமீட்டருக்கு மேல் வந்தால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம், ஏனென்றால் பூமியில் எந்த இரு இடங்களுக்கும் இடையே உள்ள குறுகிய தூரம் அதன் சுற்றளவில் பாதியைத் தாண்ட முடியாது. விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் பொருட்படுத்தத்தக்கதன்று.

சில இணையப் பக்கங்களில் தூரம் மைலிலும் கடல் மைலிலும் இருக்கும். மைல் என்றால் 1.609ஆலும், கடல் மைல் என்றால் 1.852ஆலும் பெருக்கிக் கிலோமீட்டராக்கிக் கொள்ளுங்கள்.

தூரத்திலிருந்து பறக்கும் நேரத்துக்கு

நீண்ட தூரம் செல்லும் பெரிய விமானங்கள் காற்றின் தாக்கம் இல்லாதபோது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன; நடுவே ஒரே நடைபாதை உள்ள ஏர்பஸ் 320 போன்றவை 830 கிலோமீட்டர் அளவில் பறக்கின்றன. மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் இந்த வேகம் இருக்காது. ஆகவே பெரிய விமானத்துக்கு 850, சிறியதற்கு 800 என்று வைத்துத் தூரத்தை வகுத்து, ஓடுபாதைக்குச் செல்வது, வரிசையில் நிற்பது, தரையிறங்குமுன் சுற்றுவது ஆகியவற்றுக்காக அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து துபாய் 2,930 கிலோமீட்டர். 800ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் நான்கு மணி பத்து நிமிடம். பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர்; 850ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் பதினேழு மணி நேரம். அந்த நேரடி விமானத்துக்கு அறிவிக்கப்பட்ட நேரமும் அதை ஒட்டியே இருந்தது.

லண்டனுக்கு இதே முறையில் பத்து மணி பத்து நிமிடம் வருகிறது. ஆனால் அட்டவணையில் பதினொரு மணி நேரத்தை ஒட்டியே காண்பீர்கள். இந்த வேறுபாட்டுக்குக் காற்றும் வான்வழியுமே காரணம். விமானங்கள் பறக்கும் உயரத்தில், வெப்ப மண்டலத்துக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறு போல ஓடும் காற்று உண்டு. தாரைக்காற்று என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். மணிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசும் அந்தக் காற்றை எதிர்த்துச் செல்லும் விமானம் தாமதமாகிறது. அதன் மீதேறி வரும் விமானம் விரைந்து வருகிறது. குளிர்காலத்தில் இந்தக் காற்று வலுப்பதால் வேறுபாடும் கூடுகிறது. ஆகையால் மேற்கே போகும் பயணத்துக்கு அரை மணி முதல் ஒரு மணிவரை கூட்டியும், திரும்பி வரும் பயணத்துக்குக் கூட்டாமலும் கணக்கிடுங்கள். போகும்போது ஆன நேரமே வரும்போதும் ஆகும் என்று எண்ணி, அழைத்துச் செல்ல வருபவரிடம் நேரம் சொல்லிவிடாதீர்கள்.

வான்வழி என்பது காற்றைப் போலப் பருவத்துக்குக் கட்டுப்பட்டதன்று. 2019 பிப்ரவரியிலிருந்து ஜூலைவரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியிருந்தபோதும், 2022இல் ரஷ்யா பல மேலை நாடுகளின் விமானங்களைத் தன் வான்வெளியில் அனுமதிக்க மறுத்தபோதும், 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் மீண்டும் இந்திய நிறுவனங்களுக்கு வழியை அடைத்தபோதும், நூல் காட்டிய வழி ஒன்றாகவும் விமானம் பறந்த வழி வேறாகவும் இருந்தன. அத்தகைய காலங்களில், இதே சேவை முந்தைய சில நாட்களில் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்பதை விமானங்கள் பறக்கும் வழியைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற இணையதளத்தில் பார்த்துக்கொள்வதே சிறந்தது. நாம் போட்ட கணக்கு அதற்கு மாற்றாகாது. எவ்வளவு சுற்றிப் போகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளும் அளவுகோலாக அது பயன்படும்.

இடையில் வேறு நகரத்தில் இறங்கி மாறும் பயணங்களுக்கு, இரு துண்டுகளையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். இதில் நான் மிகவும் விரும்பும் கணக்கு ஒன்று உண்டு. சென்னையிலிருந்து துபாய் 2,930, துபாயிலிருந்து லண்டன் 5,500. கூட்டினால் 8,430 கிலோமீட்டர். நேர்வழியைவிட இருநூறு கிலோமீட்டர்தான் அதிகம்! சிட்னிக்குச் செல்பவர்களுக்குச் சிங்கப்பூர் இப்படித்தான் வழியிலேயே அமைந்திருக்கிறது. நேர்வழி 9,130, சிங்கப்பூர் வழியாகச் சென்றால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மட்டுமே கூடுதல். சான்பிரான்சிஸ்கோவுக்கோ சென்னையிலிருந்து நேர்வழி 13,900 என்றால், சிங்கப்பூர் வழியாக 16,500 ஆகிவிடுகிறது. துபாய் வழியாக 16,000 அளவில் வரும். கட்டணம் ஒன்றாக இருக்கும்போது எந்த வழியைத் தேர்வது என்று தயங்குபவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கலாம். இருபது வயதுப் பிள்ளைக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் பெரிதன்று. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அது இரண்டரை மணி நேரக் கூடுதல் உட்காருதல்.

ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

பயண நேரக் கணக்கில் நான் எல்லாரிடமும் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்: புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். சீட்டில் அச்சிட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரமே.

சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறத்தாழ ஒரே தூரத்தில், எதிரெதிர்த் திசைகளில் இருக்கின்றன. சென்னையில் காலை 4.00க்குப் புறப்பட்டுத் துபாயில் 6.45க்கு இறங்குவதாக ஒரு சீட்டிலும், இரவு 11.30க்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.15க்கு இறங்குவதாக மற்றொரு சீட்டிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று இரண்டே முக்கால் மணி, மற்றொன்று ஆறே முக்கால் மணி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது, அங்கே 6.45 என்றால் நமக்கு 8.15. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது, அங்கே 6.15 என்றால் நமக்கு 3.45. இரண்டு பயணங்களுமே நான்கே கால் மணி நேரம்தான் என்பது இப்போது விளங்கும்.

நேர வேறுபாட்டைத் தீர்க்கரேகையிலிருந்தே தோராயமாக அறியலாம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைக்குரியது. சேலம் 78.15 பாகையில் இருப்பதால், சராசரியாக நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12.17 அளவில்தான். லண்டனுக்கும் சென்னைக்கும் உள்ள 80.7 பாகையை 15ஆல் வகுத்தால் 5.38 மணி வருகிறது; அரசாணைப்படியான வேறுபாடு ஐந்தரை மணி. ஆனால் கோடைக்கால நேரத்தை இந்த வகுத்தல் காட்டாது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால், அந்த மாதங்களில் வேறுபாடு நான்கரை மணி மட்டுமே. அமெரிக்காவின் பெரும்பகுதியில் இது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறுவரை. நியூயார்க் குளிர்காலத்தில் பத்தரை மணியும் கோடையில் ஒன்பதரை மணியும் பின்தங்கியிருக்கும், சான்பிரான்சிஸ்கோ முறையே பதின்மூன்றரையும் பன்னிரண்டரையும். சிட்னியில் தலைகீழ்: அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம்வரை அவர்களுக்குக் கோடை என்பதால் ஐந்தரை மணி, மற்ற மாதங்களில் நான்கரை மணி முந்தியிருப்பார்கள். துபாயும் சிங்கப்பூரும் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை.

நேரத்தோடு தேதியையும் மாற்ற வேண்டும். எங்கள் குடும்பத்தில் இது ஒரு பெரிய வருத்தமாகவே நின்றுவிட்டது. என் பெரியம்மா தம் மகளிடம் செல்வதற்கு எடுத்த சீட்டில் 15ஆம் தேதி, 01.20 என்று இருந்தது. 15ஆம் தேதி இரவுதானே என்று எண்ணி, அன்று மாலை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, ஊறுகாய் ஜாடியும் பேத்திக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசும் நிறைந்த பெட்டிகளோடு காரில் ஏறினார். விமானம் அன்று அதிகாலையிலேயே போய்விட்டது என்பது சென்னை சென்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. சீட்டு எடுத்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் ஒருமுறை சீட்டை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அன்று முதல், நள்ளிரவு 12 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே புறப்படும் எந்தச் சீட்டைப் பார்த்தாலும், வீட்டை விட்டுக் கிளம்பும் நாள் அதற்கு முந்தைய நாள் என்று சிவப்பு மையால் அதன் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன். நம் ஊரிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் பல இந்த நேரத்தில்தான் புறப்படுகின்றன.

சேரும் நேரத்துக்கு அருகில் கூட்டல் குறியோடு ஒன்று என்று சிறிதாக அச்சிட்டிருந்தால் மறுநாள் என்று பொருள். பசிபிக் கடலைக் கடந்து அமெரிக்கா செல்பவர்கள், புறப்பட்ட அதே தேதியில், சில சமயம் புறப்பட்ட நேரத்துக்கும் முன்னதாகவே இறங்குவார்கள். இடையே தேதிக்கோட்டைக் கடப்பதால் நேர்வது அது, அச்சுப்பிழை அன்று.

சேலத்திலிருந்து விமான நிலையம்வரை

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் நமக்கு விமான நிலையம் உண்டு. 2018 மார்ச்சில், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் சென்னைக்குச் சேவை தொடங்கி, பின்னர் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. நேர்க்கோட்டில் சென்னை விமான நிலையம் அங்கிருந்து 265 கிலோமீட்டர்தான். சாலையிலோ 340 கிலோமீட்டர். ஆனால் உள்நாட்டுச் சீட்டையும் வெளிநாட்டுச் சீட்டையும் தனித்தனியே எடுத்தவர்கள், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு தம்முடையதே என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒரே சீட்டாக எடுத்தால் அந்தப் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும்.

பெரும்பாலோர் காரிலோ ரயிலிலோ செல்கிறோம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கோயம்புத்தூர் வந்தே பாரத் சேலத்திலிருந்து சென்னைக்குச் சுமார் நான்கு மணி நேரத்தில் சேர்க்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவில் ஏறியவர்களை விடியுமுன் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ உண்டு. நள்ளிரவில் அது ஓடாது. பெங்களூர் விமான நிலையம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர்தான் என்றாலும், அது நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நாம் தெற்கே ஓசூர் வழியாக நுழைகிறோம். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் ஒரு மணி நேரம் போகும். பெங்களூருக்குள் மாலை நேரத்தில் நுழைந்தால் மேலும் ஒன்றரை மணி நேரம் போகும். தூரத்தை மட்டும் பார்த்துப் பெங்களூரைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் நான் கேட்பது, எந்த நேரத்தில் ஓசூரைத் தாண்டுவீர்கள் என்பதைத்தான். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் செல்பவர்கள் கோயம்புத்தூர், திருச்சி விமான நிலையங்களையும் பார்க்கலாம். அவை அருகில் இருப்பதோடு கூட்டமும் குறைவு.

இனி முதலில் சொன்ன லண்டன் சீட்டை முழுமையாகக் கணக்கிடுவோம். குளிர்காலம் என்று வைத்துக்கொள்வோம். விமானம் 15ஆம் தேதி அதிகாலை 5.30க்கு. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 2.30க்கு, நிலையத்தில் இருக்க வேண்டும். காரில் ஆறு மணி நேரம், சக்கரம் பஞ்சர் ஆவது போன்றவற்றுக்கு ஒரு மணி நேரம். எனவே 14ஆம் தேதி இரவு 7.30க்குச் சேலத்திலிருந்து கிளம்ப வேண்டும். லண்டனில் இறங்குவது அவர்கள் நேரம் 11.00, நம் நேரம் மாலை 4.30, பறந்தது பதினொரு மணி நேரம். குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி வரவும் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து மகன் வீடு சேர ஒன்றரை மணி நேரம். கதவைத் தட்டும்போது அங்கே பிற்பகல் 2.00, நமக்கு இரவு 7.30. அந்த அம்மா ஐந்தரை மணி என்று எண்ணியது வாசலிலிருந்து வாசல்வரை முழுதாக ஒரு நாள்.

இந்த ஒரு நாளை அறிந்துகொள்வது வெறும் கணக்கு ஆர்வத்துக்காக அன்று. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், விமானத்தின் திரை காட்டும் ஊர் நேரத்தைப் பார்த்துக் குழம்பி, ஒரு வேளையை இருமுறை விழுங்குவதும் ஒரு வேளையை விட்டுவிடுவதும் நடக்கிறது. கைபேசி இறங்கியவுடன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். ஆகவே கையில் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டி, மகன் வீடு சேரும்வரை அதை இந்திய நேரத்திலேயே விட்டுவையுங்கள். இந்திய நேரப்படி எந்தெந்த மணிக்கு எந்த மாத்திரை என்பதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, மாத்திரைகளோடு கைப்பையில் வையுங்கள்; பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இந்த மணிக் கணக்கை மருத்துவரிடம் காட்டி, அங்குள்ள நேரத்துக்கு எந்த வேளையிலிருந்து மாறுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே சீட்டின் மறுபக்கத்தில், கிளம்பும் தேதி, நிலையத்தில் இருக்க வேண்டிய நேரம், இறங்கும் நேரம் அங்கும் இங்கும், அழைக்க வருபவரின் எண் ஆகியவற்றை எழுதி, அதை ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே அவரும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துச் சரி என்று பதில் அனுப்பட்டும். அதன் பிறகு பெட்டி கட்டத் தொடங்கலாம்.